தைராய்டு மாத்திரையும் இரவு உறக்கமும்

"மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து உறக்கமே வரவில்லை. அதனால் நான்கு நாட்களாக நிறுத்தி வைத்திருக்கிறேன்." தைராய்டு புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. சொல்பவர் ராயபுரத்தில் வாழும் இல்லத்தரசியாக இருக்கலாம். துறைமுகத்தில் இரவுப் பணி பார்ப்பவராக இருக்கலாம். விடியுமுன் காசிமேட்டு மீன் ஏலத்திற்குச் செல்லும் தாயாக இருக்கலாம். உறக்கம் கெடுவது சிறிய குறையன்று. மறுநாள் வேலை, சமையல், பிள்ளைகளின் பள்ளி, சாலையில் செல்லும் கவனம் என அனைத்தும் அதனால் பாதிக்கப்படும். எனவே இக்குறையை மருத்துவரிடம் சொல்லத் தயங்கவே வேண்டாம்.

ஆனால் உறக்கமின்மைக்குத் தீர்வாக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது சரியன்று. அது ஏன் சரியன்று என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மாத்திரையின் பணி என்ன?

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ளது தைராய்டு சுரப்பி. இது சுரக்கும் தைராக்சின் என்னும் ஹார்மோன், உடலின் ஒவ்வோர் உறுப்பும் எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை முறைப்படுத்துகிறது. இதயத் துடிப்பு, உடல் வெப்பம், குடலின் அசைவு, மனத்தின் சுறுசுறுப்பு, உறக்கம் ஆகியவை யாவும் இதற்கு உட்பட்டவை.

இச்சுரப்பு குறையும்போது உடல் மந்தமாகிறது. சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், குளிர் தாங்காமை, மாதவிடாயில் மாற்றம், எப்போதும் உறங்க வேண்டும் என்ற உணர்வு ஆகியவை தோன்றும். சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்றில், நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு குறைவு காணப்பட்டது. ஆகவே இது அரிய நோயன்று. உங்கள் தெருவிலேயே பலர் இம்மாத்திரையை உட்கொண்டு வருவார்கள்.

நாம் அளிக்கும் லீவோதைராக்சின் மாத்திரை, சுரப்பி உண்டாக்கத் தவறிய அதே ஹார்மோன்தான். கடைகளில் எல்ட்ராக்சின், தைரோநார்ம் போன்ற பெயர்களில் இது கிடைக்கிறது. இது ஸ்டீராய்டு அன்று, போதை தருவதன்று, பழக்கத்திற்கு அடிமைப்படுத்துவதும் அன்று. 1891ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்னும் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொண்டு ஒரு பெண்மணிக்கு இவ்வகைச் சிகிச்சையை முதன்முதலாக அளித்தார். அப்பெண்மணி அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். குறைந்ததை ஈடுசெய்வது என்னும் அதே கொள்கையே இன்றும் தொடர்கிறது. இன்று அளவைத் துல்லியமாக, மைக்ரோகிராம் கணக்கில் தர முடிகிறது என்பதே வேறுபாடு.

ஏழு நாள் கணக்கு

இக்கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைப்பதானால், அது இதுவாக இருக்கட்டும். காய்ச்சல் மாத்திரை சில மணி நேரத்தில் வேலை செய்து முடிந்துவிடும். காப்பியின் கிளர்ச்சி மாலைக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். தைராக்சின் அப்படிப்பட்டதன்று. உடலில் சேர்ந்துள்ள தைராக்சினில் பாதி குறைவதற்கே ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும்.

இதனால் மூன்று உண்மைகள் விளங்குகின்றன.

முதலாவது, மாத்திரையின் முழுப் பயன் உடனே தெரியாது. ஓர் அளவைத் தொடங்கிய முதல் வாரத்தின் முடிவில், அந்த அளவுக்குரிய ஹார்மோனில் பாதிதான் உடலில் சேர்ந்திருக்கும். இரண்டு வாரங்களில் முக்கால் பங்கு சேரும். ஐந்து, ஆறு வாரங்களில்தான் நிலை சமனாகும். அதனால்தான் மறுபரிசோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து வரச் சொல்கிறோம்.

இரண்டாவது, காலையில் விழுங்கிய ஒரு மாத்திரை அன்றிரவின் உறக்கத்தைத் தனியாகக் கெடுப்பதில்லை. விழுங்கிய சில மணி நேரத்தில் இரத்தத்தில் சிறிதளவு ஏற்றம் உண்டாகும். பின்னர் அது அடங்கிவிடும். மருந்தினால் உறக்கம் கெடுகிறது என்றால், பெரும்பாலும் பல வாரங்களாகச் சேர்ந்த மொத்த அளவு உங்கள் உடலுக்கு மிகுதியாக உள்ளது என்றே பொருள். நான்கு நாட்கள் நிறுத்தினாலும், சேர்ந்ததில் மூன்றில் இரண்டு பங்கு உடலிலேயே இருக்கும். "நிறுத்திய மறுநாளே நன்றாக உறங்கினேன்" என்று சிலர் சொல்வதுண்டு. அந்த நல்லுறக்கத்தை மாத்திரையை நிறுத்தியதன் பயனாகக் கொள்வது கடினம். மாத்திரை பற்றிய அச்சம் நீங்கியதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, இதுவே மிகவும் ஏமாற்றக்கூடியது. நிறுத்திய முதல் வாரத்தில் பெரும்பாலோர் நலமாகவே இருப்பர். உடலில் மருந்து இன்னும் மிச்சமிருப்பதால் அந்த நலம். "மாத்திரை இல்லாமலேயே நன்றாக இருக்கிறேனே" என்ற முடிவுக்கு அப்போது வந்துவிடுகிறார்கள். ஐந்தாறு வாரங்களில் மிச்சம் தீர்ந்தபின், சோர்வும் வீக்கமும் மறதியும் மெல்ல மெல்லத் திரும்புகின்றன. அவை வந்த வேகம் மிகவும் குறைவாக இருப்பதால், நிறுத்தியதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு பலருக்குப் புலப்படுவதில்லை. வயது ஆகிவிட்டது, வேலை அதிகம் என்று வேறு காரணம் கூறிக்கொள்கிறார்கள். முதியவர்களுக்கு இந்நிலை உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

உறக்கம் கெடுவதற்கு நான்கு காரணங்கள்

தைராய்டு சிகிச்சையில் உள்ள ஒருவருக்கு உறக்கம் வராமைக்கு ஒரே காரணம் என்று கூற இயலாது. பெரும்பாலும் பின்வரும் நான்கில் ஒன்றோ, ஒன்றுக்கு மேற்பட்டதோ காரணமாக அமையும்.

1. அளவு மிகுதி. தேவைக்கு மேல் ஹார்மோன் சேர்ந்தால் உடல் ஓயாமல் விரைந்து இயங்கும். உறக்கமின்மையோடு படபடப்பு, கை நடுக்கம், மிகுந்த வியர்வை, வெப்பம் தாங்காமை, அடிக்கடி மலம் கழிதல், எடை குறைதல், எரிச்சல் ஆகியவை சேர்ந்து வரும். அமைதியாக அமர்ந்திருக்கும்போதும் நாடித்துடிப்பு நிமிடத்திற்குத் தொண்ணூறு, நூறு என்று நீடிக்கும். சித்திரை வெயிலில் எல்லோருக்கும் வியர்க்கும் என்பதால், வியர்வையை மட்டும் கொண்டு முடிவு செய்ய வேண்டாம், நாடியைப் பாருங்கள். அளவு மிகுதி பல மாதங்கள் நீடித்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வலுவிழக்கலாம். இதற்குத் தீர்வு அளவைக் குறைப்பதே தவிர, அடியோடு நிறுத்துவதன்று.

2. அளவு குறைவு. இது பலருக்கும் வியப்பளிக்கும். தைராய்டு குறைவு சரியாக ஈடுசெய்யப்படாத நிலையிலும் உறக்கம் கெடும். நாக்கும் தொண்டைத் திசுக்களும் தடிப்பதால் குறட்டை மிகுந்து, உறக்கத்தில் மூச்சு விட்டுவிட்டுத் தடைப்படலாம். அவ்வாறு தடைப்படும் ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் காலையில் களைப்புத் தீராது. இவர் மாத்திரையை நிறுத்தினால் நோய் இன்னும் முற்றும்.

3. பழைய உறக்கப் பழக்கம். சிகிச்சைக்கு முன் பத்து மணி நேரம் உறங்கியும் போதாமல், பகலிலும் இரண்டு மணி நேரம் படுத்தவர்கள் பலர். ஹார்மோன் சீரானதும் உடலுக்கு அவ்வளவு உறக்கம் தேவைப்படுவதில்லை. ஆனால் பழக்கம் மாறுவதில்லை. பகலில் உறங்கி, இரவு ஒன்பது மணிக்கே படுக்கைக்குச் சென்று, பன்னிரண்டு வரை விழித்துக் கிடந்து, "மாத்திரையால் உறக்கம் போயிற்று" என்று கருதுகிறார்கள். உண்மையில் இது உடல் தேறி வருவதன் அறிகுறி. மந்தநிலையை விரட்டுவதற்காக ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை தேநீர் அருந்தப் பழகியவர்களும், அப்பழக்கத்தை இப்போது விட வேண்டும்.

4. தைராய்டுக்குத் தொடர்பில்லாத காரணங்கள். இரும்புச்சத்துக் குறைவால் இரவில் கால்களில் ஊர்வது போன்ற உணர்வு, மாதவிடாய் நிற்கும் பருவத்தின் திடீர் வெப்பம், மனக்கவலை, மனச்சோர்வு, ஷிப்டு மாற்றம், ஆஸ்துமாவிற்கு உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும் சர்க்கரை நோய் ஆகியவை இதில் அடங்கும்.

முதல் காரணத்திற்கும் இரண்டாம் காரணத்திற்கும் சிகிச்சை நேர் எதிரானது. ஒன்றில் அளவைக் குறைக்க வேண்டும்; மற்றொன்றில் கூட்ட வேண்டும். இரண்டிலும் நோயாளி சொல்வது "உறக்கம் சரியில்லை" என்பதுதான். ஆகவே ஊகத்தின் பேரில் மாத்திரையைக் கூட்டுவதோ, குறைப்பதோ, பாதியாக உடைத்து உட்கொள்வதோ கூடாது. நாடித்துடிப்பும் இரத்தப் பரிசோதனையுமே வழிகாட்ட வேண்டும்.

உட்கொள்ளும் முறை

அளவு ஒரு வாரம் மிகுந்தும் ஒரு வாரம் குறைந்தும் போவதற்கு, உட்கொள்ளும் முறையில் உள்ள ஒழுங்கின்மையே பெரும்பாலும் காரணம்.

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் உட்கொள்ளுங்கள். அதன்பின் உணவு, காப்பி, தேநீர், பால் எதற்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி விடுங்கள். மாத்திரையை விழுங்கிய கையோடு காப்பி அருந்தினால், குடல் உறிஞ்சும் மருந்தின் அளவு குறைந்துவிடும்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. கருவுற்ற தாய்மார்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு இவ்விரு மாத்திரைகளும் வழக்கமாக அளிக்கப்படுகின்றன. அமிலம் குறைக்கும் வயிற்று மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்பவர்கள் அதனையும் எங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். ஏழு நாள் கணக்கு இங்கே உங்களுக்குத் துணை நிற்கிறது. அன்றே நினைவு வந்தால், வயிறு காலியாக உள்ள வேளையில் உட்கொள்ளுங்கள். பல நாட்கள் விட்டுப்போயிருந்தால், விட்டவற்றை எல்லாம் சேர்த்து விழுங்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

"இரவில் உட்கொண்டால் உறக்கம் கெடுமா?" என்று பலர் வினவுகின்றனர். நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், 90 பேர் மூன்று மாதம் காலையிலும் மூன்று மாதம் படுக்கும் வேளையிலும் மாத்திரையை உட்கொண்டனர். படுக்கும் வேளையில் உட்கொண்டபோது ஹார்மோன் அளவு சற்று மேம்பட்டது. உறக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. ஆகவே காலை நேரம் ஒத்துவராதவர்கள் இரவில் உட்கொள்ளலாம். ஆனால் இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். ஒன்பதரை மணிக்கு உண்டு பத்தரைக்குப் படுப்பவர்களுக்கு இம்முறை பொருந்தாது. எந்த நேரத்தைத் தேர்ந்தாலும், அதனை அடிக்கடி மாற்றாமல் இருப்பது முக்கியம்.

மாத்திரையைப் பாதுகாக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் தைராக்சினுக்கு ஆகாது. நம் பகுதியில் கடற்காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் உண்டு. அடுப்பங்கரை அலமாரி, குளியலறை, வெயில் படும் சன்னல் ஓரம் ஆகியவை தகுந்த இடங்கள் அல்ல. வாங்கிய டப்பாவிலேயே, மூடியை இறுக மூடி வையுங்கள். கடையில் வாங்கும்போது பெயரோடு மைக்ரோகிராம் அளவையும் படித்துப் பாருங்கள். 25, 50, 75, 100 எனப் பல அளவுகளில் வருவதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கைக்கு வந்துவிடக்கூடும்.

ஷிப்டு வேலையும் கடல் வேலையும்

காலையில் எழுந்தவுடன் என்னும் அறிவுரை, இரவில் உறங்கிப் பகலில் உழைப்பவரை மனத்தில் கொண்டது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான நம் பகுதியில் வாழ்க்கை அப்படி அமைவதில்லை. துறைமுகம், மணலியின் ஆலைகள், அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் என்று இரவெல்லாம் விழித்திருப்போர் மிகப் பலர்.

இவர்களுக்கு நான் கூறுவது: கடிகாரத்தைவிட வயிறு காலியாக இருப்பதே முக்கியம். இரவுப் பணி முடித்து ஏழு மணிக்கு வீடு திரும்பி, சிற்றுண்டி அருந்தி, எட்டு மணிக்கு உறங்கச் செல்பவர், பிற்பகல் இரண்டு மணிக்கு எழுந்தவுடன் மாத்திரையை உட்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து உண்ணலாம். அடுத்த வாரம் பகல் ஷிப்டுக்கு மாறும்போது, காலையில் எழுந்தவுடன் உட்கொள்ளலாம். உறங்கி எழுந்ததும் முதல் வேலை மாத்திரை என்று வைத்துக்கொண்டால் எந்த ஷிப்டிலும் மறவாது. சில மணி நேர முன்பின் மாற்றம் இம்மருந்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்காது. உட்கொள்ளாமலே விடுவதுதான் வேறுபாட்டை உண்டாக்கும்.

விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கே காசிமேட்டுக்குச் செல்லும் பெண்கள், வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாத்திரையை உட்கொண்டுவிட வேண்டும். ஏலம் நடக்கும் இடத்தில் அருந்தும் முதல் தேநீருக்குள் தேவையான இடைவெளி கிடைத்துவிடும். விசைப்படகில் பல நாட்கள் கடலில் தங்குவோர், அத்தனை நாட்களுக்கும் உரிய மாத்திரைகளோடு இரண்டு மூன்று நாட்களுக்கானதைக் கூடுதலாக, நீர் புகாத டப்பாவில் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலம், கடல் தொழில் செய்யும் குடும்பங்களுக்குப் பொருளாதார நெருக்கடியான காலம்தான். ஆயினும் மருத்துவ நோக்கில் அது நல்ல வாய்ப்பு. புதிய அளவைத் தொடங்கி, அது சமனாக ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்து, மறுபரிசோதனையும் செய்துகொள்ள அக்காலம் போதுமானது. தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே வந்தால், படகு மீண்டும் கடலுக்குச் செல்லுமுன் சரியான அளவை முடிவு செய்துவிடலாம். இதனால் மற்ற மாதங்களில் வரக்கூடாது என்று எண்ண வேண்டாம். தொல்லை இருந்தால் தடைக்காலத்திற்காகக் காத்திருக்கலாகாது.

இரத்தப் பரிசோதனை

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. தைராக்சின் குறைந்தால் டி.எஸ்.எச். உயரும், மிகுந்தால் தாழும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "தைராய்டு கூடிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். உயர்ந்திருப்பது டி.எஸ்.எச். என்றால், குறைந்திருப்பது தைராய்டு ஹார்மோன் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

டி.எஸ்.எச். நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரவில் உயர்ந்து, பிற்பகலில் தாழும். ஓர் இரவு முழுதும் விழித்திருந்தாலும் அது உயரும். எனவே இரவுப் பணி முடித்த கையோடு பரிசோதனைக்கு இரத்தம் தர வேண்டாம். விடுப்பு நாளில், ஓரிரு இரவுகள் நன்கு உறங்கியபின் தாருங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே நேரத்தில், அதே பரிசோதனைக் கூடத்தில் தருவது நல்லது. அன்று காலை, இரத்தம் எடுத்தபின் மாத்திரையை உட்கொள்ளுங்கள். முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோட்டின் மாத்திரை, பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். இரண்டு நாட்களுக்கு முன்பே அதனை நிறுத்துங்கள்.

உங்கள் அறிக்கையைப் பிறருடைய அறிக்கையோடு ஒப்பிட வேண்டாம். முதியவர்களுக்கு டி.எஸ்.எச். சற்று உயர்ந்திருப்பது ஏற்கத்தக்கது. இதய நோயாளிகளுக்கு மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகவே கூட்டுவோம். தைராய்டுப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட சிலருக்கு, டி.எஸ்.எச். வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கப்படும். கருவுற்றவர்களுக்கு ஹார்மோன் தேவை முதல் சில வாரங்களிலேயே கூடிவிடும். மாத்திரை உட்கொள்ளும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால், அந்த வாரமே தெரிவிக்க வேண்டும். மகப்பேறு மருத்துவமனையில் பதிவு செய்யும் முதல் நாளிலும் இதனைச் சொல்ல வேண்டும்.

உறக்கத்தைச் சீராக்கும் வழிகள்

பரிசோதனைக்கான நாள் வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. பின்வருவன பெரும்பாலோருக்குப் பயன் தருகின்றன.

• எத்தனை மணிக்கு உறங்கினாலும் குறித்த நேரத்தில் எழுந்துவிடுங்கள். எழும் நேரம் நிலைபெற்றால் உறங்கும் நேரமும் மெல்ல நிலைபெறும்.

• பகல் உறக்கம் வேண்டுமானால், மூன்று மணிக்குள், இருபது முதல் முப்பது நிமிடங்களுக்கு மேற்படாமல் இருக்கட்டும்.

• பிற்பகல் இரண்டு மணிக்குப்பின் காப்பி, தேநீர் வேண்டாம். இரவுப் பணியாளர்கள் பணியின் பிற்பாதியில் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

• இருபது நிமிடங்களாகியும் உறக்கம் வரவில்லையெனில் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, உறக்கம் வரும்போது மீண்டும் படுங்கள். படுக்கையில் கைப்பேசி பார்ப்பதைத் தவிருங்கள்.

• இரவுப் பணி முடிந்து திரும்பும்போது காலை வெயில் கண்ணில் படாதவாறு கறுப்புக் கண்ணாடி அணியலாம். உறங்கும் அறையைத் தடித்த திரையால் இருட்டாக்குங்கள்.

• மதுவினால் விரைவில் உறக்கம் வருவது போலத் தோன்றினாலும், நள்ளிரவுக்குப்பின் அது உறக்கத்தைக் கலைத்துவிடும்.

• மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவர்களுக்கு அது ஆபத்தை விளைவிக்கும்.

இவற்றோடு இரண்டு வாரக் குறிப்பு ஒன்றை எழுதி வாருங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். மாத்திரை உட்கொண்ட நேரம், தேநீர் அருந்திய நேரங்கள், படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் உறக்கம், எழுந்தவுடன் நாடித்துடிப்பு ஆகிய ஆறும் அதில் இருக்கட்டும். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரு விரல்களை வைத்து, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் நாடித்துடிப்பு கிடைக்கும். "உறக்கமே இல்லை" என்று கேட்பதைவிட, இந்த ஒரு பக்கம் எங்களுக்கு அதிகம் சொல்லும். மேலே கூறிய நான்கு காரணங்களில் எது உங்களுடையது என்பது பலமுறை இக்குறிப்பிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

குடும்பத்தார் கவனத்திற்கு

உறங்குபவர் தம் குறட்டையைத் தாமே அறிய மாட்டார். மூச்சு நின்று, பின் திணறி விழிப்பதை அருகில் இருப்பவர்தான் காண முடியும். அதனைக் கண்டால் மருத்துவரிடம் நீங்களே கூறுங்கள்; முடிந்தால் கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து வாருங்கள். இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்கும்போது, தொலைக்காட்சி ஒலியைக் குறைப்பதும், அழைப்பு மணியை நிறுத்தி வைப்பதும் மருந்துக்கு நிகரான உதவி.

வீட்டில் முதியவர் இருந்தால், அவர் மாத்திரை உட்கொள்கிறாரா, டப்பாவில் எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள். எரிச்சலையும் மந்தத்தையும் குணக்கேடாகக் கருதிக் கடிந்துகொள்ள வேண்டாம். அவை ஹார்மோன் மாற்றத்தின் விளைவாக இருக்கலாம். ஒருவருக்கு எழுதித் தந்த மாத்திரையை, அறிகுறி ஒத்திருக்கிறது என்பதற்காக மற்றொருவருக்குக் கொடுக்க வேண்டாம்.

காத்திராமல் வர வேண்டிய நிலைகள்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, ஓய்விலும் நிமிடத்திற்கு 120க்கு மேற்பட்ட நாடித்துடிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். மாத்திரையை நீண்ட நாட்கள் விட்டுவிட்ட முதியவர் அளவுக்கு மீறி உறங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, உடல் சில்லிட்டாலோ அதுவும் அவசர நிலையே. 108 ஆம்புலன்சை அழைக்கத் தயங்க வேண்டாம். வாழ்வில் பிடிப்பில்லை என்ற எண்ணம் எழுமளவுக்கு மனச்சோர்வு இருந்தால், அதையும் அன்றே சொல்லுங்கள்.

ஓய்வில் நாடித்துடிப்பு நூறைத் தாண்டி நீடித்தாலோ, படபடப்பும் நடுக்கமும் உறக்கமின்மையோடு சேர்ந்திருந்தாலோ, எட்டு வாரம் காத்திராமல் ஓரிரு நாட்களுக்குள் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். அளவைக் குறைக்க வேண்டுமானால் நாங்கள் குறைத்துத் தருவோம். குறைத்தபின்னும் பயன் தெரிய இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும் என்பதை, ஏழு நாள் கணக்கை அறிந்த நீங்கள் இப்போது உணர்ந்திருப்பீர்கள்.

வரும்போது மூன்று பொருட்களை எடுத்து வாருங்கள்: மாத்திரை டப்பா, பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், இரண்டு வாரக் குறிப்பு. மாத்திரையை இடையில் நிறுத்தியிருந்தால், எத்தனை நாள் நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக இங்கு யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். அந்த நாட்களின் எண்ணிக்கை தெரிந்தால்தான், உங்கள் அறிக்கையில் உள்ள எண்ணின் பொருளை எங்களால் சரியாகப் படிக்க முடியும்.